கையொப்பத்தில் இடம்பெற்ற பட்டம்: எஸ். சுப்பிரமணிய ஐயரின் பட்டத் துறப்பும் (1918) அதன் வரலாற்றுப் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில அரசு வழங்கிய பட்டங்களை எதிர்ப்பின் அடையாளமாகத் துறந்தோருள் தாகூரும் காந்தியும் பரவலாக அறியப்பட்டவர்கள். அவர்களுக்கு முன்பே, 1918-இல், சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் ‘சர்’ பட்டத்தையும் ‘திவான் பகதூர்’ பட்டத்தையும் துறந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு அவர் எழுதிய கடிதத்தின் கையொப்பத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அத்துறப்பை ஆராய்கிறது. ஒருவரது சொல்லுக்கு எடை கூட்டிய பட்டமே அச்சொல்லைக் கண்டிப்பதற்கும் காரணமாக்கப்பட்டது என்பதையும், பட்டத் துறப்பு எல்லாச் சமூகத்தார்க்கும் ஒரே பொருள் உடையதாக இருக்கவில்லை என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பட்டத் துறப்பு, சுப்பிரமணிய ஐயர், தன்னாட்சி இயக்கம், வில்சன் கடிதம், ஒத்துழையாமை, சென்னை மாகாணம்

முன்னுரை

1919 மே இறுதியில் இரவீந்திரநாத் தாகூர் வைசிராய் செம்ஸ்ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. ஜாலியன்வாலா பாக் படுகொலையை எதிர்த்து, நான்காண்டுகளுக்கு முன் தமக்கு அளிக்கப்பட்ட ‘சர்’ பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள் காந்தி, கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தையும் தென்னாப்பிரிக்கப் போர்ப் பணிகளுக்காகப் பெற்ற இரு பதக்கங்களையும் திருப்பி அனுப்பினார். பள்ளிப் பாடநூல் முதல் ஆய்வு நூல் வரை பட்டத் துறப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இவ்விரு நிகழ்வுகளோடு நின்றுவிடுகிறது. சென்னையில் நிகழ்ந்த 1918-ஆம் ஆண்டுத் துறப்பு, அன்னி பெசன்ட் அம்மையாரைப் பற்றிய நூல்களில் ஓரிரு வரிகளாகவும் தன்னாட்சி இயக்க வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவும் சுருங்கிப் போனது.

யார் முந்தியவர் என்னும் போட்டியில் இக்கட்டுரைக்கு ஆர்வமில்லை. சென்னை நிகழ்வைத் தனித்து ஆராய வேண்டிய காரணம் வேறு. தாகூரின் துறப்பு, பஞ்சாபில் பிறர் அடைந்த துன்பத்துக்கான எதிர்வினை. காந்தியின் துறப்பு ஒரு பேரியக்கத்தின் தொடக்க அறிவிப்பு. சுப்பிரமணிய ஐயரின் வழக்கிலோ பட்டமே வழக்குப் பொருளாயிற்று. பட்டம் பெற்றவர் எதைப் பேசலாம், யாரிடம் பேசலாம் என்னும் வினா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதற்கு அவர் அளித்த விடையே துறப்பு.

பட்டம் என்னும் ஆட்சிக் கருவி

1857-இன் எழுச்சிக்குப் பின் ஆட்சியை நேரடியாக ஏற்ற பிரிட்டிஷ் முடியரசு, இந்தியரின் பற்றுறுதியைப் பெறவும் அதனைப் பலர் அறியக் காட்டவும் பட்ட முறையை விரிவாக அமைத்தது. 1861-இல் ‘இந்திய விண்மீன்’ வரிசை ஏற்பட்டது. விக்டோரியா ‘இந்தியப் பேரரசி’ என்னும் பட்டம் ஏற்றதை ஒட்டி 1878-இல் ‘இந்தியப் பேரரசு’ வரிசை நிறுவப்பட்டது. சி.ஐ.இ., கே.சி.ஐ.இ. என்பன இவ்வரிசையின் படிநிலைகள். பின்னதைப் பெற்றவர் ‘சர்’ என அழைக்கப்படுவார். இவற்றுக்குக் கீழே ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் தென்னிந்தியாவில் வழங்கின. வடக்கில் ராய் பகதூர், இசுலாமியர்க்குக் கான் பகதூர். புத்தாண்டிலும் அரசர் பிறந்தநாளிலும் பட்டியல்கள் வெளிவரும்.

இவற்றை வெறும் ஆடம்பரம் என ஒதுக்குவது எளிது. அன்றைய அங்கத எழுத்தாளர் பலரும் அவ்வாறே செய்தனர். ஆயினும் தமிழ்ச் சமூகத்தில் இப்பட்டங்கள் வேரூன்றியதற்கு ஏற்ற நிலம் இங்கே முன்னரே இருந்தது. கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்பது ஊரின் அதிகார வரிசையைத் தீர்மானித்தது. அதற்காக நீதிமன்றம் ஏறிய வழக்குகள் பல. சமூகத் தகுதியைப் பலரறியக் காட்டும் இம்மரபு நிலைபெற்ற ஊர்களில் ‘ராவ் பகதூர்’ என்னும் முன்னொட்டு அயலானதாகத் தோன்றவில்லை. அது திருமண அழைப்பிதழிலும் கல்வெட்டிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவ்வகையில் பட்டம் பெற்றவரின் பெயரே அரசுக்கு ஒரு விளம்பரப் பலகையாயிற்று எனலாம். பெயரைச் சொல்லும்போதெல்லாம் கொடுத்தவரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

மதுரையிலிருந்து உயர்நீதிமன்றம் வரை

1842 அக்டோபர் 1-இல் மதுரை மாவட்டத்தில் பிறந்த சுப்பிரமணிய ஐயர், அரசு அலுவலகத்தில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கியவர். சட்டம் பயின்று மதுரையில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றபின் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் சென்னைப் பேராளராகப் பங்கேற்றார். 1888-இல் அரசு வழக்கறிஞர் பதவி அவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் சென்னையில் அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை. சர் டி. முத்துசாமி ஐயர் 1895-இல் மறைந்தபின் அவரிடத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியானார். மும்முறை தலைமை நீதிபதிப் பொறுப்பை வகித்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1900-இல் கே.சி.ஐ.இ. பட்டம் வந்தது. பார்வை மங்கியதால் 1907-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் அளித்தது. ‘மணி ஐயர்’ என நகரம் அவரை அழைத்தது.

அரசு தரக்கூடியவற்றுள் ஏறத்தாழ அனைத்தையும் பெற்றுவிட்ட ஒருவர் இவர் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அக்காலத்துக் காங்கிரசு மிதவாதியருள் இத்தகைய வாழ்க்கை அரிதன்று. அரசின் குறைகளைச் சுட்டுவதும் அரசின் பட்டங்களை ஏற்பதும் முரண்பாடாகக் கருதப்படவில்லை. ஓய்வுக்குப் பின்னர்ப் பிரம்மஞான சபையில் ஈடுபட்ட அவர், 1916 செப்டம்பரில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தன்னாட்சிக் கழகத்தைத் தொடங்கியபோது அதன் மதிப்புறு தலைவரானார். அப்போது அவருக்கு வயது 73.

வில்சனுக்கு எழுதிய கடிதம்

1917 ஜூன் நடுப்பகுதியில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய மூவரையும் காவலில் வைத்தது. நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி மூவரது நடமாட்டமும் பேச்சும் எழுத்தும் தடை செய்யப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் நீதிபதியாயிருந்தவர் தலைமை தாங்கிய கழகத்தினர்மீதே இந்நடவடிக்கை பாய்ந்தது. அதே மாதம் 24-ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா போரில் இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மக்களாட்சிக்காகவே இப்போர் என வில்சன் அறிவித்திருந்த சொற்களை இந்தியாவுக்கும் பொருத்திப் பார்க்குமாறு கடிதம் கோரியது. இந்தியாவிலிருந்து செல்லும் அஞ்சல் தணிக்கைக்கு உட்பட்டிருந்தமையால் ஹோட்ச்னர் தம்பதியர் அதனை நேரில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர்.

கடிதத்தின் தொனி மிதவாதியின் விண்ணப்பத் தொனியன்று. அயல்மொழி பேசும் அதிகாரிகள் தம் விருப்பத்தை நாட்டின்மீது திணிக்கின்றனர். பெருஞ்சம்பளத்தைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்கின்றனர். கல்வியை மறுத்து, இசைவின்றி வரி விதித்து, நாட்டுப்பற்றுப் பேசியோரை நோய் மலிந்த சிறைகளில் அடைக்கின்றனர் என அடுக்கிச் செல்கிறது. தன்னாட்சி உறுதி அளிக்கப்பட்டால் மூன்று மாதங்களில் 50 இலட்சம் வீரரும் அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 இலட்சம் வீரரும் போர்முனைக்குக் கிடைப்பர் என்றும் அது சொன்னது. இவ்வெண்ணிக்கை மிகையானது; அதனை நிறைவேற்றித் தரும் ஆற்றல் கழகத்துக்கு இல்லை. மேலும், கடிதம் பேரரசை விட்டு விலகுவதைக் கோரவில்லை. பேரரசின் போருக்கு ஆள் தருவதாகச் சொல்லித் தன்னாட்சியை விலையாகக் கேட்டது. இதனை விடுதலைப் பிரகடனமாக ஏற்றிப் போற்றுவோர் இவ்வரம்பைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இக்கட்டுரையின் நோக்கில் கடிதத்தின் மிக முக்கியமான பகுதி அதன் இறுதிதான். எழுதியவர் தம் பெயரின்கீழ் கே.சி.ஐ.இ. என்பதையும் சட்ட முனைவர் என்பதையும் குறித்து, அமெரிக்க வாசகர்க்காக அச்சுருக்கங்களை விரித்தும் எழுதினார். தன்னாட்சிக் கழகத்தின் மதிப்புறு தலைவர், 1885-இல் காங்கிரசை நிறுவியோருள் ஒருவர், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி, பலமுறை தலைமை நீதிபதிப் பொறுப்பு வகித்தவர் என்பவற்றையும் வரிசையாகச் சேர்த்தார். வாஷிங்டனில் அவரை அறிந்தவர் எவரும் இலர். பெயர் அறியாத ஒரு கிழக்கத்தியரின் குற்றச்சாட்டைக் கேட்கச் செய்ய, அக்குற்றச்சாட்டுக்கு உள்ளான அரசு வழங்கிய பட்டத்தையே அவர் சான்றாக முன்வைத்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஆவணத்தைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டும் வழக்கறிஞரின் உத்தி இது. பட்டத்தை அவர் அப்போது சுமையாகக் கருதவில்லை; கருவியாகவே கையாண்டார்.

கண்டனமும் துறப்பும்

1917 ஆகஸ்ட் 20-இல் இந்தியா அமைச்சர் மாண்டேகு, பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்கும் கொள்கையை அறிவித்தார். செப்டம்பரில் பெசன்ட் அம்மையார் விடுவிக்கப்பட்டார். டிசம்பரில் மாண்டேகுவும் செம்ஸ்ஃபோர்டும் சென்னை வந்தபோது சுப்பிரமணிய ஐயர் அவர்களைச் சந்தித்தார். அச்சந்திப்பிலேயே வைசிராய் கடிதத்தைச் சுட்டிக் கடுமையாகப் பேசினார். ஐயர் அதன்பின்னும் பட்டத்தைத் துறக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. மூடிய அறைக்குள் நிகழ்ந்த கடிந்துரைக்கு அவர் பொதுவெளியில் எதிர்வினை ஆற்றவில்லை.

1918-இல் கடிதம் இலண்டனில் செய்தியானது. ஜூன் தொடக்கத்தில் மக்களவையில் வினா எழுந்தபோது, மாண்டேகு அக்கடிதத்தை இழிவானது என்று கண்டித்தார். எழுதியவர் வகித்த நிலையை நோக்க இச்செயல் மேலும் மன்னிக்க முடியாதது என்றார். குற்றச்சாட்டுகளோ மறுமொழிக்குக்கூடத் தகுதியற்றவை என ஒதுக்கினார். நடவடிக்கை குறித்து வைசிராயோடு தொடர்பு கொண்டிருப்பதாகவும் தெரிவித்தார்.

இக்கண்டனத்தின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. சிறையின் நிலை, வரி, கல்வி பற்றிக் கடிதம் கூறியவை மெய்யா பொய்யா என்னும் விசாரணைக்கே இடமில்லை. கூறியவர் யார் என்பதே வழக்கு. வில்சனிடம் நம்பகத்தன்மைக்காக முன்வைக்கப்பட்ட அதே தகுதி, இலண்டனில் குற்றத்தின் அளவைக் கூட்டும் காரணமாயிற்று. பட்டம் ஏற்றவர் வாய்மூடி இருக்கக் கடமைப்பட்டவர் என்னும் எழுதப்படாத விதி இங்கே வெளிப்பட்டது. பட்டத்தைப் பறிக்கவும் அரசுக்கு இயலும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈராண்டுகளுக்கு முன், 1916-இல், அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியின் துணை நாடிய ரோஜர் கேஸ்மெண்டிடமிருந்து ‘சர்’ பட்டம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் தூக்கிலிடப்பட்டார். இரு வழக்குகளின் அளவும் வேறு என்பது உண்மையே. ஆனால் கொடுத்த கை எடுக்கவும் கூடும் என்னும் விதி இரண்டுக்கும் பொது.

சுப்பிரமணிய ஐயர் அரசின் முடிவுக்குக் காத்திராமல், சென்னை அரசின் தலைமைச் செயலருக்கு எழுதி கே.சி.ஐ.இ., திவான் பகதூர் ஆகிய இரு பட்டங்களையும் துறந்தார். பட்டச் சின்னத்தையும் திருப்பி அளித்தார். அதன்பின் ‘டாக்டர்’ சுப்பிரமணிய ஐயர் என்றே அறியப்பட விரும்பினார். வில்சன் கடிதத்தின் கையொப்பத்தில் கே.சி.ஐ.இ., சட்ட முனைவர் என இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. அரசு தந்தது நீங்கியது. பல்கலைக்கழகம் தந்தது நிலைத்தது. மதிப்புகள் அனைத்தையும் உதறும் துறவு மனநிலையாக இதனைக் காண இடமில்லை. எந்த மதிப்பு தம் சொல்லைக் கட்டுப்படுத்த உரிமை கோருகிறதோ அதனை மட்டும் பிரித்து நீக்கிய ஒரு நீதிபதியின் பகுப்பு இது. 75 வயதில், பார்வை குன்றிய நிலையில், இனிப் பதவி எதையும் எதிர்பாராத ஒருவர் இதனைச் செய்தார். இழப்பதற்கு அவருக்கு அதிகம் இல்லை என்று சொல்வாரும் உண்டு. நாற்பதாண்டு உழைப்பின் பொதுச் சான்றாக அவர் பெயரோடு நின்றது அப்பட்டமே என்பதை மறந்தே அவ்வாறு சொல்ல இயலும்.

பதவித் துறப்பு, பட்டத் துறப்பு, இயக்கத் திட்டம்

ஓராண்டு கழித்து, அதே உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சர் சி. சங்கரன் நாயர், பஞ்சாப் இராணுவச் சட்டக் கொடுமைகளை எதிர்த்து வைசிராயின் நிர்வாகக் குழுவிலிருந்து 1919 ஜூலையில் விலகினார். ‘சர்’ பட்டத்தை அவர் விடவில்லை. பதவியில் நீடிப்பது அரசின் செயலுக்குப் பொறுப்பேற்பதாகும். பட்டம் அத்தகைய பொறுப்பைச் சுமத்துவதில்லை என்பது அவரது செயலிலிருந்து பெறப்படும் கருத்து. தாகூர் இதற்கு நேர்மாறான நிலையை எடுத்தார்: நாட்டவர் இழிவுக்குள்ளாகும் வேளையில் பட்டம் சூடி நிற்பதே வெட்கத்துக்குரியது என்றார். பட்டம் என்பது உடைமையா உறவா என்னும் கேள்விக்கு ஒரே காலத்தில் மூன்று பெரியோர் மூன்று விடைகள் கண்டனர் எனலாம்.

1920 செப்டம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் நாக்பூரிலும் காங்கிரசு ஏற்ற ஒத்துழையாமைத் திட்டத்தில் பட்டங்களையும் மதிப்புறு பதவிகளையும் துறத்தல் முதலிடம் பெற்றது. தனிமனிதர் ஒருவரது மனச்சான்றின் செயலாக இருந்தது இப்போது இயக்கக் கட்டளையாயிற்று. விளைவு மிகச் சிறிது. 1921 தொடக்கத்தில் அரசின் கணக்குப்படி, பட்டம் பெற்றிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருள் துறந்தவர் முப்பதைத் தொடவில்லை. சென்னை மாகாணத்தில் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு எஸ். சீனிவாச ஐயங்கார். தலைமை அரசு வழக்கறிஞர் பதவியை 1920-இல் விட்ட அவர், பின்னர் சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பி அளித்தார். 1926 குவாஹாட்டி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். பட்டமும் பதவியும் ஒருசேர நீங்கிய இவ்வழக்கு, சங்கரன் நாயரையும் சுப்பிரமணிய ஐயரையும் ஒருங்கிணைத்தது போன்றது.

யாருக்குத் துறப்பு இயலும்?

பெரும்பாலோர் துறக்காமைக்கு அச்சமும் நலநாட்டமும் மட்டுமே காரணம் என்று தேசிய வரலாற்றெழுத்து பொதுவாகக் கொள்கிறது. சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதாது. 1916 இறுதியில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை, அரசுப் பணிகளிலும் பொதுவாழ்விலும் நிலவிய ஏற்றத்தாழ்வை முன்வைத்து, தன்னாட்சிக் கோரிக்கையை ஐயத்துடன் நோக்கியது. நீதிக்கட்சியினரின் கண்ணில், அரசு வழக்கறிஞர் முதல் தலைமை நீதிபதிப் பொறுப்பு வரை எய்தியபின் ஒருவர் பட்டத்தைத் துறப்பதும், அந்நிலைகளின் வாயிலை அப்போதுதான் எட்டிய சமூகத்தார் பட்டத்தை ஏற்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. இந்த வாதத்தை அரசுச் சார்பு என ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கை. ‘பறையன்’ இதழை நடத்தியவர். 1923 முதல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். பொதுச் சாலை, கிணறு, கட்டடம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமைக்காக வாதிட்டவர். அவருக்கு 1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. சுப்பிரமணிய ஐயர் 1918-இல் துறந்த அதே ‘திவான் பகதூர்’ பதினெட்டு ஆண்டுகள் கழித்து இவரிடம் வந்தது. ஊர்த் தெருவில் நடக்கும் உரிமையே மறுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரை, அலுவலரும் ஊராரும் மதிப்புச் சொல் இன்றி விளிக்க முடியாதவாறு செய்தது அம்முன்னொட்டு. கோயில் மரியாதை வரிசையில் என்றுமே இடம் தரப்படாதவர்க்கு, அவ்வரிசைக்கு வெளியிலிருந்து வந்த மரியாதை அது. எம். சி. ராஜா 1922-இல் ராவ் பகதூர் பட்டம் பெற்றதையும் இப்பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும்.

பட்டம் சொல்லுக்கு எடை கூட்டும் என்பதை இருவருமே அறிந்திருந்தனர். சுப்பிரமணிய ஐயர் அந்த எடைக்குக் கேட்கப்பட்ட விலையைக் கொடுக்க மறுத்தார். வேறு எடைகள் அவரிடம் இருந்தன: பல்கலைக்கழகப் பட்டம், நீதிபதியாயிருந்த புகழ், நகரத்தின் மதிப்பு. இரட்டைமலை சீனிவாசனோ அரசின் பட்டத்தை வைத்துக்கொண்டே அரசிடமும் சாதிச் சமூகத்திடமும் உரிமை கேட்டார். 1930-31-இல் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அம்பேத்கரும் அவரும் பங்கேற்றனர். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான தனிப் பாதுகாப்புகளைக் கோரி இருவரும் 1931-இல் அளித்த துணை அறிக்கையில் அம்பேத்கரின் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்றும் சீனிவாசனின் பெயருக்கு முன் ‘ராவ் பகதூர்’ என்றும் அச்சாகியுள்ளன.